நாற்பத்திரண்டு மில்லிமீற்றர்

தண்ணீர்த் திட்டக் கந்தோர் ஏலத்தில்
இரண்டு கால் உடைந்த நாற்காலிக்கும்
ஒரு போட்டோக்கொப்பி மெஷினுக்கும் நடுவில்
சாய்ந்து நின்றது.
பதினெட்டாயிரம் என்றேன். எதிர்க்குரல் இல்லை.
"பிளாஸ்ரிக் சைக்கிளுக்கோ பிள்ளை?"
மெஷினை எடுத்தவர் சிரித்தார்.

பிளாஸ்ரிக் இல்லை, காபன்.
இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுச் சட்டம்.
கருநூலைக் குறுக்கும் நெடுக்கும் கிடத்திப்
பிசினில் வேகவைத்த கறுப்பு.
இரும்பு வளைந்து காட்டிவிட்டு முறியும்.
இது காட்டாது.

அதனால் தட்டிப் பார்த்தேன்.
வங்கியில் பன்னிரண்டு வருசம் காசு எண்ணிய காது.
ஐந்து ரூபாய்க் குற்றியால்
மேற்குழாய், கீழ்க்குழாய், முன்கவையின் இரு கால்,
விரற்கடைக்கு ஒரு தட்டு.
டிக் என்றால் சுகம்,
தொக் என்றால் உள்ளே வெடிப்பு.
சங்கிலிப் பக்கம் ஓரிடம் மங்கிக் கேட்டது.
மூன்று இரவு எழும்பி எழும்பிப் போய்த் தட்டினேன்.
பூச்சுத்தான் உரிந்திருந்தது.

அச்சுக் கிண்ணம் இத்தாலிய மரை.
மற்றச் சைக்கிள்களில் அவிழும் திசையில்
இது இறுகும்.
தெரியாமல் ஒரு போயா நாள் முழுக்கக்
கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இருக்கைக் கம்புதான் பெரிய கதை.
அலுமினியம், காபனுக்குள்.
கடற்காற்றின் உப்பு இரண்டுக்கும்
கலியாணம் கட்டி வைத்துவிட்டது.
முன்னர் ஓடியவன் என்னைவிட நெடியவன்;
அளந்தேன், நாற்பத்திரண்டு மில்லிமீற்றர்.
பெயர் தெரியாது, ஊர் தெரியாது,
கால் நீளம் மட்டும் தெரியும்.
அவன் உயரத்தில் ஏறி இருந்தால்
என் பெருவிரல் நுனி பெடலைத் தேடும்.

அமோனியா விட்டேன். ஐஸ் கட்டினேன்.
கொக்குவில் தவயோகன் குறட்டால் பிடித்துப் பார்த்துவிட்டு
"இனித் திருப்பினால் சட்டம்தான் திரும்பும்" என்று
கையைத் துடைத்தார்.

பிறகு ஒரு வாள் அலகு, பிடிக்கச் சீலை சுற்றி,
உள்ளிருந்து நெடுக்காக,
ஒன்பது பின்னேரம்.
தூள் வெள்ளியாய் உதிரும்வரை அறுக்கலாம்.
கறுத்தால் நிற்கவேண்டும்.
கறுக்கவில்லை.
பத்தாம் நாள் வாழைப்பூ மடல்போலச் சுருண்டு
வெளியே வந்தது அவன் உயரம்.

புதுக் கம்பில் எழுதியிருந்தது: ஐந்து நியூட்டன்மீற்றர்.
கூடினால் காபன் நசியும்,
குறைந்தால் ஓட ஓட நான் கீழே போவேன்.
அளக்கிற சாவி கேட்ட கடையிலெல்லாம் கைவிரிப்பு.
குருநகரில் மீன் விற்கும் சவிரிமுத்துவிடம்
கொழுவுத் தராசு இரவல் கேட்டேன்.
"என்னத்தை நிறுக்கப் போறியள்?"
"ஒரு ஆணியை."
அவர் மறுகேள்வி கேட்கவில்லை.

பத்துச் சென்ரிமீற்றர்ச் சாவி,
நுனியில் கொழுக்கி, நேர்கோணத்தில் இழு.
ஐந்து கிலோவைத் தாண்டி ஒரு மயிரிழை.
நிற்பாட்டினேன்.
சாவியில் விளைமீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

பண்ணைப் பாலம், காலை ஐந்தரை, எதிரே சோளகம்.
முகத்தில் மணலும் உப்பும்.
கைப்பிடியை விரித்துப் பிடித்தால் காற்று என்னை நிறுத்துகிறது;
குனிந்தால் விடுகிறது.
மண்டைதீவுச் சந்தியில் இறங்கி
இருக்கையை மூன்று மில்லிமீற்றர் முன்னே தள்ளினேன்.
முழங்கால் நன்றி சொன்னது.
திரும்பும்போது அதே காற்று முதுகில்.
மீன் லொறியை முந்தினேன் என்று
ஒருவருக்கும் சொல்லவில்லை, இங்கே தவிர.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது.
எனக்கு ஏற்றம் என்பது மூன்றாம் மாடிப் படிகள்.
தோளில் கொண்டு ஏறும்போது
கீழ்க்குழாய்க்குள் ஏதோ உருளுகிறது:
அறுத்ததில் தப்பிய துணுக்கு, நகத்தளவு இருக்கும்.
காலையில் இறங்கும்போது ஒரு முனைக்கு,
மாலையில் ஏறும்போது மறு முனைக்கு.
குலுக்கினேன், கம்பி விட்டுத் துழாவினேன்.
கிடக்கட்டும்.

ஐந்தாம் பல்லில் மட்டும் சங்கிலி
இன்னும் முணுமுணுக்கிறது.
கம்பிக்கு ஒரு கால்சுற்று போதும்.
இல்லை, அரைக்கால்.