கடைசி இரண்டு இலக்கம்

மூன்றாவது லாட்ஜிலும் அதேதான்.
நான் வாய் திறந்ததும் சிரித்தவர்
பாஸ்போர்ட்டைப் பார்த்ததும்
மேசை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.
"தப்பா நெனைச்சுக்கிடாதிய.
பேச்சு நம்ம பேச்சாத்தான் இருக்கு,
பொஸ்தகம் வேறல்லா.
சி ஃபாரம் ஏத்தணும். எங்ககிட்ட அந்த வசதி கெடயாது."
ஒரு சொம்புத் தண்ணீர் தந்தார்.
குடித்தேன். சரியான வெயில்.

திருச்சி விடுதியில் வரைபடத்தைப் பார்த்தபோது
இந்த ஊரில் எனக்கு யாருமில்லை என்பதுதான்
பிடித்திருந்தது.
இரண்டு நாள், புள்ளிவிபரவியல் இல்லாமல்.
ஒரு ஆறு இருந்தது.
அதன் பெயருக்காகவே டிக்கெட் எடுத்தேன்.
ஆறாம் ஆண்டு வரலாற்றுப் புத்தகத்தில்
தம்பபண்ணி என்றொரு கரை:
கப்பலால் இறங்கிய விஜயனின் ஆட்கள்
மண்ணில் கை ஊன்ற,
உள்ளங்கையெல்லாம் செம்பாகிப்போன கதை.
மட்டக்களப்பில் சகாயநாதன் சேர் அதைச் சொல்லும்போது
வகுப்பே கையை விரித்துப் பார்க்கும்.

ஈரடுக்குப் பாலத்தில் மேலேயும் நடந்தேன், கீழேயும்.
அல்வா வாங்கவில்லை. விடுதியில் கேட்பார்கள்.

இரவு, ஜங்ஷனில் பெண்கள் காத்திருக்கும் அறை.
நாளைய டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனேன்.
போன் செத்திருந்தது, சுவர்ப் பிளக்கும்.
பக்கத்து பெஞ்சில் முப்பிடாதி,
சங்கரன்கோவில் பக்கம்.
விடிந்தால் பாளையங்கோட்டையில் குரூப் நாலு பரீட்சை.
முதல் பஸ்சை நம்பினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று
முந்தின இரவே வந்து உட்கார்ந்திருக்கிறாள்,
ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
உறையை மடியில் வைத்து.
"ஏட்டி, ஒறக்கம் வரலன்னா கேள்வி கேளேன்."
கைடைத் தந்தாள். கேட்டேன்.
நாற்பத்து மூன்றாவது: இலங்கையின் தலைநகரம்.
"கொழும்பு."
ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டே, என்றேன்.
"கைடுல கொழும்புன்னு போட்டிருக்கு."
கைடு பிழை.
"ஒனக்கு எப்படித் தெரியும்?"
பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.
புரட்டினாள். போட்டோவில் நின்றாள்.
"இதுல சவம் கணக்கா இருக்கியே."
அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.
கனநேரம் கழித்து, இருட்டைப் பார்த்து:
"திருத்துறவன்கிட்ட ஒன்னயக் கூட்டிட்டா போவ முடியும்?
நான் கொழும்புன்னே போடுதேன். ஒரு மார்க்குல்லா."
போடு, என்றேன்.

விடியுமுன் பால்பென்னால்
என் உள்ளங்கையில் நம்பர் எழுதினாள், அழுத்தி.
கூசியது.

குறுக்குத்துறை.
ஆற்றுக்குள் கோயில்.
கல் சுவரில் என் தலைக்கு மேலே
வெள்ளம் வந்துபோன கோடு.
பூக்கட்டுகிறவர் சொன்னார்:
"தண்ணி ஏறுச்சுன்னா சாமியத் தூக்கி
மேலக்கோயில்ல வச்சிருவாங்க.
வடிஞ்சதும் கூட்டியாந்துருவாங்க."
அங்கே ஃபாரம் கேட்பார்களா என்று
கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

படியில் இறங்கிக் கையை முக்கினேன்.
அடிமணலை அள்ளித் தேய்த்தேன்,
ஆறாம் ஆண்டுப் பிள்ளையைப் போல.
ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
ஷாம்பு உறை ஒன்று
என்னைச் சுற்றிக்கொண்டு போனது.
கை சிவக்கவில்லை.
விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது:
எட்டு இலக்கம், மங்கலாக.
கடைசி இரண்டும் ஆற்றோடு.

ரயிலில் கணக்குப் போட்டேன்,
இதைப் படிக்கத்தானே கடல் தாண்டியது:
நூறு சாத்தியங்கள்.
கோவில்பட்டி தாண்ட போனுக்கு உயிர் வந்தது.
பூச்சியம் பூச்சியம், அப்படியொரு எண் இல்லை.
பூச்சியம் ஒன்றில் ஒரு ஆண்குரல்:
"யாருவே அது?"
முப்பிடாதியோடு கதைக்கலாமா?
"கதையா? என்ன கதை?"
மன்னிக்கச் சொல்லி வைத்துவிட்டு
பூச்சியம் இரண்டை அழுத்தினேன்.