இருபது டன், பத்து நிமிடம்

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
ப்ளஃப் குன்றின் விளக்குகள்
அணைய மனமில்லாமல் நிற்கின்றன.
பெட்டிகள் அடுக்கிய கப்பல் ஒன்று
டர்பன் துறைமுக வாய்க்குள் நுழைந்துவிட்டது.
அறுபதாயிரம் டன்.
வேகம் நொடிக்கு இரண்டு மீட்டர்,
பஸ்ஸைப் பிடிக்க எட்டி நடப்பவரின் வேகம், அவ்வளவுதான்.
எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.
இருந்தும் வருகிறது.

வருவதற்கு அதற்குக் காரணம் எதுவும் வேண்டாம்.
நிற்பதற்குத்தான் யாராவது வேண்டும்.
இன்று அது நான்,
கப்பலின் முதுகில் கயிறு கட்டிய
இந்தக் குட்டி டக் படகு.

கயிற்றின் தளர்வை முதலில் தின்ன வேண்டும்,
அவசரமில்லாமல், மென்று.
வெடுக்கென்று இழுத்தால்
என் மணிக்கட்டைவிடத் தடித்த கயிறும்
பூ கட்டும் நூல்தான்.

இருபது டன்னில் பிடிக்கிறேன்.
"அப்படியே, லோஷினி" என்கிறார் பைலட் ரேடியோவில்.
அப்படியே என்றால் பத்து நிமிடம்.
(தண்ணீரும் தன் பங்குக்குப் பிடிக்கும்.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)
லுங்கெலோ ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடித்து
இன்னொன்று ஊற்றுகிறான்.
கப்பல் தன் உந்தத்தையெல்லாம்
மாதச் சீட்டுக் கட்டுகிறவளைப் போல
கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் கட்டித் தீர்க்கிறது.

ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் அன்று மழை.
தம்பி கூபனின் கார்
ஆயிரத்து இருநூறு கிலோ.
நொடிக்கு முப்பது மீட்டர்.
பாலத்தின் தூண்.

ஆர்.கே. கான் மருத்துவமனையின் நீள வராந்தாவில்
பார்க்கிங் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.
மூன்று முறை போட்டும் அதே விடை:
ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு,
முப்பத்தேழு டன்.

கப்பலுக்குப் போதுமானதில் ஏறக்குறைய இருமடங்கு.
இத்தனைக்கும் அந்தக் காரின் உந்தம்
கப்பலினுடையதில்
மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அம்மா தூணைத் திட்டினாள்.
அப்பா வேகத்தைத் திட்டினார்.
நான் திட்டியது
வகுத்தலில் கோட்டுக்குக் கீழே நிற்கும்
அந்தச் சின்ன எண்ணை.
தூணிடம் விசை இருந்தது, வேண்டுமட்டும்.
நேரம்தான் இல்லை.

பழைய கார். காற்றுப்பை கிடையாது.
இருந்திருந்தால்
இமை மூடித் திறப்பதில் பாதி கிடைத்திருக்கும்.
அந்தப் பாதி போதுமாக இருந்திருக்கும்
என்கிறார்கள்.

கப்பல் நின்றுவிட்டது.
மேல்தளத்தில் ஒருவன் பல் துலக்கிக்கொண்டிருக்கிறான்.
நின்றது அவனுக்குத் தெரியவில்லை.
வாய் நிறைய நுரையோடு
ஊரை வேடிக்கை பார்க்கிறான்.

பிறகு பக்கவாட்டில் தள்ளி
இரண்டாம் பியரில் சாய்க்கிறோம்.
கரையின் ரப்பர் மெத்தை
ஒரு சாண் உள்ளே போய்
மூச்சு விடுவதுபோல் மீண்டு வருகிறது.

"கயிற்றை விடலாம்" என்கிறது ரேடியோ.
விடுகிறேன்.
அதையும் மெதுவாகத்தான்.