ஏழு வருட உத்தரவாதம்

மூன்று வாரம் முன்பு திறந்த கடைக்கு
முப்பது வருடப் பழசாய் ஒரு பெயர்ப்பலகை.
கஜமுகன் அண்ணை கேட்டது அவ்வளவுதான்.
"பளபளவெண்டு வேண்டாம், தங்கச்சி.
அடிபட்ட எழுத்தாய்ப் போடும்."

ஸ்காபரோ, மார்க்கம் வீதி.
பல் வைத்தியருக்கும் காசு அனுப்பும் கடைக்கும் நடுவில்
ஏரிக்கரை.
ஏரிக்குப் போக அங்கிருந்து
பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

ஆங்கிலத்துக்கு அடிபட்ட எழுத்து விலைக்கு உண்டு,
இருபத்திநாலு டொலர்.
தடித்த உடம்பு, மரப்பட்டை வெடிப்பு,
மை பிடிக்காமல் விட்ட இடங்கள்.
ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று விதக் காயம்,
அடுத்தடுத்து வந்தாலும் ஒன்றுபோல் இராது.
தமிழில் தேடினேன்.
கிடைத்ததெல்லாம் கலியாணத்துக்குப் புறப்பட்ட முகங்கள்,
பவுடர் போட்டு.

நானே அடித்தேன்.
அச்செடுத்து, கசக்கி, உப்புத்தாளால் தேய்த்து.
உப்புத்தாள் போதவில்லை, உப்பே வேண்டியிருந்தது.
பனிக்குத் தெருவில் கொட்டுகிற உப்பு
என் கொரோலாவின் கதவடியைத்
தின்று வைத்திருந்தது.
தரிப்பிடத்தில் முழங்காலில் இருந்து
அந்தத் துருவைப் படம் பிடித்தேன்.
பல்கனியிலிருந்து யாரோ கேட்டார், விபத்தா?
இல்லை, எழுத்து என்றேன்.

துருவை எடுத்து எழுத்தின்மேல் பதித்தால்
இரண்டு க.
இரண்டுக்கும் இடது தோளில் அதே பொத்தல்.
பொய் பிடிபடுவது அங்கேதான்.
அடிபட்டவர்கள் யாரும்
ஒரே இடத்தில் அடிபடுவதில்லை.
ஒன்றைத் திருப்பி, மற்றதை இன்னும் அரித்து,
புள்ளியைக் காப்பாற்றி
(தூசியென்று இரண்டு தரம் அழித்துவிட்டேன்)
விடிய இரண்டு மணிக்கு அனுப்பினேன்.

காலையில் அழைத்தது அண்ணையல்ல,
அவர் மனைவி சுபோதினி.
பின்னால் எண்ணெய் கொதிக்கிற சத்தம்.
"பிள்ளை, வடிவாய்த்தான் கிடக்கு.
ஆனா எரிக்கரை எண்டெல்லே கிடக்கு.
ஒருக்கா கடை எரிஞ்சுதான் இஞ்ச வந்தனாங்கள்."
சிரித்தபடிதான் சொன்னார்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஏ-யின் கால்.
அடியில் சரிந்து இறங்கும் அந்த ஒற்றைக் கோடு.
துரு அதை முழுதாய் விழுங்கியிருந்தது.
இரவு நான் மிக ரசித்த வெடிப்பு
அதுதான்.

கோட்டைத் திரும்ப வரைந்தேன்,
அதில் மட்டும் துரு வைக்காமல்.
"இது மட்டும் புதுசாய்த் தெரியுது?"
அண்ணைக்குக் கூர்மையான கண்.
புதுசுதான் என்றேன்.
அவர் மேலே கேட்கவில்லை.

பலகை பொருத்திய டுவார்த்தே
ஏணியிலிருந்து இறங்கி ஒரு தாளை நீட்டினார்.
ஏழு வருடத்துக்கு
உரியாது, வெளுக்காது, வெடிக்காது.
கையெழுத்து வைத்தேன்.

மேலே வெடித்த எழுத்துகள்,
இனி ஒரு மயிரிழை வெடிக்கவும்
அனுமதி இல்லாமல்.
கீழே என் கார்.
கதவைத் திறந்தபோது
துரு ஒரு பிடி உதிர்ந்தது பனிமேல்,
யாரும் கேட்காத வடிவத்தில்.