கூட வந்தவர்: இல்லை

மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு இன்னும் இருக்கிறது
வத்தளையில், சிரில் சித்தப்பாவின் அலமாரியில்,
கரண்ட் பில்களுக்கு அடியில்.
பெயர் மதலேன். ஊர் வேம்பாறு.
வயது சுமார் இருபத்திரண்டு. அம்மை குத்தியாயிற்று.
கூட வந்தவர் என்ற இடத்தில்
எழுத்தர் பேனாவை நிறுத்தியிருக்க வேண்டும்:
ஒரு மைப்பொட்டு,
பிறகு, இல்லை.

"யாரோட வந்தே?" என்று கேட்டானாம்.
"பெட்டியோட" என்றாளாம்.
எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை,
அந்த இடத்தில் இருந்தவர் ஒருவருமில்லை.

புருஷன் கடலோடு போனான் என்பார் சித்தப்பா.
அவன் எங்கேயும் போகவில்லை, இவள்தான் போனாள்
என்று ஒருமுறை அப்பா சொல்லிவிட்டு
மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானார்.

புறக்கோட்டைக் கிட்டங்கியில்
மூன்று வருடம் சாக்குத் தைத்தாள்.
நாலாம் வருடம் ஒரு கைவண்டி வாங்கினாள்,
இழுக்க அல்ல, வாடகைக்கு விட.
பொம்பிளையின் வண்டியை எவன் தொடுவான் என்று
ஐந்தாம் குறுக்குத் தெரு நாட்டாமிகள் சிரித்தார்கள்.
மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை
ஒருவன் தொட்டான்.

எண் தெரியும், எழுத்துத் தெரியாது அவளுக்கு.
கணக்குப் புத்தகத்தின் முதல் வரி
ஒரு குடைப் படம். இருபத்தைந்து சதம். பாக்கி ஐந்து.
அடுத்தது ஒரு மீசை. அதற்கடுத்தது
மூன்றே விரலுள்ள கை.
குடைக்காரன் யார், தமிழனா சிங்களவனா,
அந்த ஐந்து சதத்தைக் கொடுத்தானா,
தெரியாது. பக்கம் எழுபதுவரை
குடை வந்துகொண்டேயிருக்கிறது.

வண்டிகள் பதினேழாயின.
நல்லவள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
காய்ச்சலில் கிடந்தவனின் வண்டியை
அன்றைக்கே இன்னொருவனுக்கு மாற்றிவிட்டாள்.
அவன் பெண்டாட்டி
ஜம்பட்டா வீதி முழுக்கக் கேட்க ஏசினாள்.
மதலேன் வாசலில் நின்று கடைசிவரை கேட்டுவிட்டு
உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.
மீசைக்குப் பக்கத்தில் அந்த வாரம் ஒரு கோடு,
கோட்டின் மேல் வேறு பேனாவில் ஒரு சுழியம்.
மன்னிப்பா, வசூலா?
கணக்காளன் நான், எனக்கே விளங்கவில்லை.

எட்டாம் வருடம் அண்ணன் மகனை வரவழைத்தாள்.
அவன் என் பாட்டனார்.
நாங்கள் அவள் வயிற்றில் பிறந்தவர்களில்லை,
அவள் வாங்கிக்கொடுத்த டிக்கெட்டில் பிறந்தவர்கள்.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது
கணவர் பெயர் வேண்டும் என்றார் பிரக்கிராசி.
ஏதாவது ஒரு பெயர், அம்மா, யார் பார்க்கப் போகிறார்கள்?
அவள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டாள்.
பதினொரு வருடம்
அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.
மறுத்து வந்த கடிதத்தை நாலாக மடித்து
ஆடிய மேசைக் காலுக்கு வைத்தாள்.
அதற்குப் பிறகு மேசை ஆடவில்லை என்பதை மட்டும்
எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

எண்பத்து மூன்று ஜூலையில் வீட்டைவிட்டு ஓடும்போது
சித்தப்பா கையில் எடுத்தது
குழந்தையையும் இந்தப் புத்தகத்தையும்.
நகைப்பெட்டியை மறந்துவிட்டார்.
சித்தி இன்னும் மன்னிக்கவில்லை.

மாதம்பிட்டியில் தன் கல்லையும்
தானே காசு கொடுத்துச் செய்து வைத்திருந்தாள்:
பெயர், பிறந்த வருடம், ஒரு சக்கரம்.
இறந்த தேதிக்கு இடம் விட்டிருந்தாள்.
ஐம்பது வருடமாக அந்த இடம் அப்படியே கிடக்கிறது.

இந்த நவம்பர் இரண்டாம் தேதி பதினோரு பேர் போனோம்.
உங்களுக்கு என்ன முறை என்று கேட்டான் காவல்காரன்.
அத்தை என்றார் சித்தப்பா. பெரியம்மா என்றாள் பிலோமினா.
என் மகள், முதலாளி என்றாள்.
கல் கொத்துகிறவன் எழுத்துக்கு முந்நூறு கேட்டான்,
எண்ணுக்கும் அதே விலையாம்.
அவள் இருந்தால் பேரம் பேசியிருப்பாள்.
எங்களுக்கு வாய் வரவில்லை.
அடுத்த வருடம் பார்க்கலாம் என்று
மெழுகுவர்த்திக்குக் கையை அணைகொடுத்து நின்றோம்.
காற்று துறைமுகப் பக்கமிருந்து அடித்தது.