இரண்டு முள்

அனல் நிலையத்தின் பின்வாசலில்
சாம்பலுக்கு விலை கிடையாது.
அள்ளிப் போகிறவனுக்கு டீசல் காசு தருவார்கள்.
பதினோரு வருடம் நான் அள்ளிக் கொட்டியது
ஆலிவ் மரங்களுக்கு அப்பால் ஒரு பள்ளத்தில்.
காற்றடித்தால் பள்ளம் எழுந்து நடந்து
என் வீட்டுக் கொடித்துணிக்கே வந்துவிடும்.
"உதறிவிட்டுப் போடு, துர்சுன்" என்பாள் மனைவி.

மார்ச்சில் முதல் லோடு
டெனிஸ்லி சாயப்பட்டறைக்கு.
"சாயம் போடவா சாம்பல்?"
"எடுக்க" என்றார் நெரிமான்.
ரப்பர் பூட்ஸ். ஒரு கட்டைவிரல் நகம் மட்டும் ஊதா.

ஊறுகாய் ஜாடியில் சாக்கடைத் தண்ணீர்;
அன்றைக்கு ஏதோ ஹோட்டலின் துவாலைச் சிவப்பு.
இரண்டு பிடி சாம்பல் போட்டு மூடி
என்னிடம் நீட்டினார்:
"லாரிக்காரர் கைதானே, குலுக்குங்கள்."

குலுக்கினேன்.
தேநீர் வந்தது. குடித்தோம்.
அடியில் சாம்பல் படிந்திருந்தது, சிவந்து.
மேலே தண்ணீர்
தண்ணீரைப் போலவே இருந்தது.
நான் கைதட்டினேன்.
அவர் ஜாடியை ஜன்னலுக்கு நேரே பிடித்து
"இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றார்,
மாமியார் அரிசியில் கல் பார்ப்பதுபோல.

பாலத்தின் மேல் பையன்களுக்கு ஒரு பந்தயம் உண்டு:
திங்கட்கிழமை ஆறு என்ன நிறத்தில் வரும்?
ஊதாவுக்கு ஒன்றுக்கு மூன்று.
ஜூலையில் ஒரு திங்கள்
யாருமே ஜெயிக்கவில்லை.
காசைத் திருப்பித் தரமுடியாது என்று
ஒருவன் மற்றவன் சட்டையைப் பிடித்தான்.

முள்ளை முள்ளால் எடுக்கலாம், சரி.
எடுத்த பிறகு கையில் இரண்டு முள்.

பட்டறைத் தொட்டியை வழித்து
என் லாரியில் ஏற்றிவிட்டார்கள்:
ஈரச் சாம்பல், நீலமும் சிவப்பும் வரிவரியாக.
அனல் நிலையத்துக் காவலாளி கதவைத் திறக்கவில்லை.
"எங்கள் சாம்பலுக்கு நிறம் கிடையாது."
திரும்பினேன்.
பட்டறை முதலாளி கணக்கிலிருந்து தலை தூக்கவில்லை.
"எங்கள் சாயத்துக்கு இவ்வளவு எடை கிடையாது."

செங்கல் சூளைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.
அவர் யோசிக்கும் வரை
யாருடையதும் இல்லாத பதினெட்டு டன்னோடு
நெடுஞ்சாலை ஓரத்தில் நான்.

இரவு மழை பிடித்துக்கொண்டது.
தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருப்பது
எனக்கு மட்டும் தெரியும்.
போன் செய்தேன்.

நெரிமான் வந்தார், நைட்டிக்கு மேல் கோட்டு,
கையில் வெள்ளை பக்கெட்.
பின்கதவின் இடுக்குக்கு நேரே அதை வைத்துவிட்டுக்
குந்தி உட்கார்ந்தார், நானும்.
டார்ச் வெளிச்சத்தில்
ஒரு சொட்டு.
இன்னொரு சொட்டு.
வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.

"பிடித்துக்கொண்டிருக்கிறது" என்றார், சாம்பலை.
"விடியும் வரை பிடிக்குமா?"
அவர் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு
கோட்டுப் பையில்
பென்சில் தேடினார்.