டைட்டு

பெருங்குடி ஷெட்டில் என் வேலை
லாரிகளுக்குத் தெரு சொல்வது.
பன்னிரண்டாயிரம் லிட்டர் எந்த அபார்ட்மெண்டுக்கு,
ஆறாயிரம் எந்தச் சந்துக்கு,
எந்த செக்ரெட்டரி ஒரு மாதம் இழுத்தடித்துத்தான் பணம் தருவார்.
காலை ஐந்தரைக்கே போன் அடிக்கத் தொடங்கும்.

வால்வு டைட்டு மேடம், ஸ்பேனர் வழுக்குது.
துரைப்பாக்கம் யூ-டர்ன் டைட்டு, முக்கால் மணி ஆவும்.
யாரோ வர்றாங்களாம், பந்தோபஸ்து டைட்டு.
புது யூனிஃபார்ம் அக்குள்ல டைட்டு.
டயர் மாற்றச் சொன்னால் முதலாளிக்கு பட்ஜெட் டைட்டு.
சனிக்கிழமை ராத்திரி
கிளீனர் டில்லி தலைமுதல் கால்வரை டைட்டு,
அவனைத் தளர்த்த எந்த ஸ்பேனரும் கிடையாது.

நானும் சொல்கிறவள்தான்.
டிஃபன் பாக்ஸ் மூடிக்கு,
இருபதாம் தேதிக்கு மேல் எல்லாவற்றுக்கும்.

மே மாதம், இருபத்தெட்டு, மணி ரெண்டே முக்கால்.
தயாளன் லைனில்.
"கொஞ்சம் டைட்டா இருக்கு, கௌசி."
பின்னால் ஹாரன் சத்தம்.
டிரிப் ஷீட்டில் கோடு போட்டுக்கொண்டே சொன்னேன்:
"மாசக் கடைசியில யாருக்குத்தான் இல்ல?
ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம்."
ரெண்டு தடவை ஐந்நூறு வாங்கியிருந்தார்.
ரெண்டு தடவையும் இதே சொல்தான்.
அவர் சிரித்த மாதிரி இருந்தது.
மூச்சு அது.

லாரியை ஒழுங்காகத்தான் ஓரங்கட்டியிருக்கிறார்.
இண்டிகேட்டர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து,
சாவியைப் பையில் வைத்துக்கொண்டு
டீக்கடை வரைக்கும் நடந்திருக்கிறார்.
பெஞ்சில் சரிந்தபோது சட்டை தொப்பல், வாய் குழறல்.
"பட்டப்பகல்லயே டைட்டு பாரு" என்று
கடைக்காரர் கிளாஸ்களைத் தள்ளி வைத்தாராம்.
ஐடி கார்டு மாட்டிய ரெண்டு பையன்கள்
அடுத்த பெஞ்சுக்கு மாறினார்களாம்.

எனக்குக் காசு. அவர்களுக்குப் போதை.
இரண்டுக்கும் நடுவில்
அவருடைய நெஞ்சு.

பணத்துக்கு முடை என்றொரு சொல் இருக்கிறது.
திருகாணிக்கு இறுக்கம், நேரத்துக்கு நெருக்கடி,
காற்றில்லாத மதியத்துக்குப் புழுக்கம்.
எல்லாருக்கும் தனித்தனி ரூம் போட்டு வைத்த பாஷையில்
நாங்கள்தான் அத்தனை பேரையும் ஒரே லாரியில் ஏற்றி
ஒரே பில்லில் அனுப்பினோம்.
ரூம் தேட அவருக்கு ஏது மூச்சு அப்போது?
எனக்கு இருந்தது.
"எங்க?" என்று கேட்க
ஒரு நொடி போதும்.

இளநீர் வண்டி வேதவல்லிக்கு
அந்தச் சொல் எந்த அர்த்தத்திலும் தேவைப்படவில்லை.
கழுத்தில் கை வைத்தாள். அந்த வெயிலில் ஜில்லென்று இருந்ததாம்.
மேல் பட்டன் ரெண்டைக் கழற்றிவிட்டு
அரிவாளும் கையுமாக நடுரோட்டில் இறங்கினாள்.
முதல் ஆட்டோவே நின்றது.
நிற்காமல் என்ன செய்யும்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில்
பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிய நர்ஸ்
"டைட்டா இருந்தா சொல்லுங்கண்ணா" என்றாளாம்.
தயாளன் சொல்லவில்லை.
இனி யாரை நம்பிச் சொல்வது என்று நினைத்தாரோ,
நிஜமாகவே இல்லையோ.
இன்றுவரை நான் கேட்கவில்லை.

இப்போது ஷெட்டிலேயே மோட்டார் பார்த்துக்கொள்கிறார்.
உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள் என்று
சட்டைமேல் விரல் வைத்து
வருகிறவர்களுக்கெல்லாம் இடம் காட்டுகிறார்.
எனக்கு மட்டும் காட்டியதில்லை.
டீ வந்தால் முதல் கிளாஸை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்.

போனில் யார் டைட்டு என்றாலும்
"எங்க?" என்கிறேன்.
பள்ளிக்கரணை ரோடு மேடம்.
இடுப்புல மேடம், பெல்ட்டு.
வூட்டுக்காரி மொகம் மேடம்.
சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.
அது சிரிப்புதானா என்று
கொஞ்சம் காது கொடுத்துவிட்டு
அடுத்த தெருவைச் சொல்கிறேன்.