இடப்பக்கத்து மைக்

பாடுவது யாரென்று
டல்சாவின் அந்த மதுக்கூடத்தில்
முதல் பாட்டு முடியும்வரை தேடுவார்கள்.
கிட்டார்க்காரன் வாய் மூடியிருக்கும்.
சிம்பலுக்குப் பின்னால்
ஆர்லின் டக்கெட்,
கழுத்தை இடப்பக்கம் ஒடித்து
மைக்கைக் கடிப்பதுபோல் பாடிக்கொண்டிருப்பான்.

நாலு இசைக்குழு. மூன்று வேன்.
ஒன்று அமரில்லோ தாண்டி எரிந்தது,
ஸ்நேர் டிரம் மட்டும் மிஞ்சியது.
இசைத்தட்டு உறையிலோ
அவன் முகத்துக்கு நேரே எப்போதும் ஒரு பித்தளைத் தட்டு.

மூச்சிழுக்க இடமில்லாத வரிகளைக்
கால் பார்த்துக்கொள்ளும் என்பான்:
எந்தச் சொல்லை விழுங்கலாமென்று
உதைக்கிற காலுக்குத் தெரியுமாம்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து,
"முப்பது வருஷமா இந்தப் பக்கம்
யாரைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?" என்றார்.

வீடு திரும்பினான்.
வெர்னா ஒன்றும் கேட்கவில்லை.
தலையணையை எடுத்துக்கொண்டு
கட்டிலின் இடப்பக்கத்துக்கு மாறிப் படுத்தாள்.